ரயர் வாங்க முன் கார்க் கதவைத் திறந்து பாருங்கள்



ஒக்ரோபர் நடுப்பகுதி வந்துவிட்டால் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி ஒரே கேள்வியைச் சுமந்து வரும். "சேர், எந்தக் கொம்பனி வின்ரர் ரயர் நல்லது?" பௌதிகம் படிப்பித்த மனிசனிடம் ரயரைப் பற்றி ஏன் கேட்கிறார்கள் என்று வீட்டில் சிரிப்பு. உராய்வைப் பற்றி மூன்று கிழமை படிப்பித்தவனிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது? ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. இந்த முறை எல்லாருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன். நீளமான பதிவு. தேத்தண்ணியோடு இருந்து வாசியுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொம்பனிப் பெயரைப் பற்றி நாங்கள் அளவுக்கு மீறிக் கதைக்கிறோம். பெயர் உள்ள எந்த நிறுவனத்தின் குளிர்கால ரயரும் ரொறன்ரோவில் ஓடும் ஒரு குடும்பக் காருக்குப் போதும். ஆனால் உங்கள் காருக்குப் பொருந்தாத றிம்மில் ஏற்றிய மிகச் சிறந்த ரயர் உங்களைக் காப்பாற்றாது. இதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அதனால்தான் கொம்பனியை விட்டுவிட்டுப் பொருத்தத்தைப் பற்றி எழுதுகிறேன்.

அதற்கு முதல் ஒரு பழைய வாதத்தை முடித்துவிட வேண்டும். "ஓல் சீசன் எண்டால் எல்லாச் சீசனுக்கும்தானே சேர்?" பெயர் வைத்தவன் வியாபாரி. ரயரின் இறப்பர் கலவை ஏறத்தாழ 7 பாகைக்குக் கீழே போனால் இறுகத் தொடங்கும். இறுகிய இறப்பர் றோட்டின் மேடுபள்ளத்தைப் பற்றிப் பிடிக்காது, வழுக்கிக்கொண்டு போகும். குளிர்கால ரயரின் கலவை கடுங்குளிரிலும் நெகிழ்வாக இருக்கும்படி செய்யப்பட்டது. அதன் முகப்பில் பிளேட்டால் கீறியதுபோல நூற்றுக்கணக்கான சிறிய வெட்டுகள் இருக்கும். ஐஸின் மேல் படரும் மெல்லிய நீர்ப்படலத்தை விலக்கிப் பிடிமானம் தருவது அவைதான். ஆகவே பனி விழுந்த பிறகு மாற்றலாம் என்று காத்திருப்பது பிழையான கணக்கு. நவம்பரில் வெறும் காய்ந்த றோட்டிலும் காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போகிறவரின் ரயர் ஏற்கனவே இறுகிப்போய்த்தான் இருக்கும்.

ரயரின் பக்கச் சுவரைப் பாருங்கள். எம் பிளஸ் எஸ் என்று எழுதியிருந்தால் சேற்றுக்கும் பனிக்கும் என்று அர்த்தம். அது முகப்பின் வடிவத்தைப் பார்த்து உற்பத்தியாளர் தானே போட்டுக்கொள்ளும் எழுத்து, அதற்குப் பரீட்சை எதுவும் இல்லை. மூன்று சிகரம் உள்ள ஒரு மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் வரைந்த சின்னம் இருந்தால் அந்த ரயர் பனியில் ஓட்டிச் சோதித்துத் தேறியது. ஒன்று தான் எழுதிய நற்சான்றிதழ், மற்றது பரீட்சைப் பெறுபேறு. ஆசிரியர் வீட்டுப் பிள்ளைகளுக்கு வித்தியாசம் விளங்கும்.

இது எவ்வளவு தூரம் உயிரோடு சம்பந்தப்பட்டது என்று பார்க்க ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 50 கிலோமீற்றர் என்றால் செக்கனுக்கு 13.9 மீற்றர். உராய்வுக் குணகம் 0.2 ஆக உள்ள வழுக்கலில் பிறேக் அடித்தால் கார் நிற்க 49 மீற்றர் வேண்டும். குணகம் 0.3 என்றால் 33 மீற்றர் போதும். ரயர் தரும் வித்தியாசம் வெறும் 0.1 என்று வைத்தாலும் இடைவெளி 16 மீற்றர். ஒரு பாடசாலை பஸ்ஸின் நீளத்தைவிடக் கூட. அந்த 16 மீற்றரில் முன்னுக்கு நிற்கிற காரோ, கடவையைக் கடக்கிற பிள்ளையோ இருக்கலாம். இந்தக் கணக்கில் நான்கு சக்கர இழுவைக்கு இடமே இல்லை என்பதையும் கவனியுங்கள். "என்னுடையது ஓல் வீல் டிறைவ், எனக்கு வின்ரர் ரயர் தேவையில்லை" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறவர்கள் எங்கள் உறவுக்குள்ளேயே ஏழெட்டுப் பேர். கார் கிளம்புவதற்கு நான்கு சக்கர இழுவை உதவும். நிற்பதற்கு எல்லாக் காருக்கும் நான்கு சக்கரத்திலும் பிறேக் இருக்கிறது, அது போதாதென்று உங்களுக்கு ஐந்தாவது பிறேக் யாரும் தரவில்லை. சொல்லப்போனால் சுகமாகக் கிளம்ப முடிவதால் றோட்டு எவ்வளவு வழுக்குகிறது என்பது அவர்களுக்குப் பிந்தித்தான் தெரியவருகிறது.

இரண்டு ரயர் மட்டும் வாங்கி முன்னுக்குப் போடுவதைப் பற்றி ஒரே வசனம்: முன்சக்கரம் பிடிக்க, பின்சக்கரம் வழுக்க, வளைவில் கார் சுழன்று வந்த பக்கமே பார்க்கும்.

சரி, பொருத்தம். சாரதியின் கதவைத் திறந்தால் நடுத்தூணில் ஒரு ஸ்ரிக்கர் ஒட்டியிருக்கும். கார் வாங்கிப் பத்து வருடமாக அதை ஒருநாளும் வாசிக்காதவர்களை எனக்குத் தெரியும். அதில் 205/55 ஆர் 16 என்பதுபோல ஒரு இலக்கம் இருக்கும். 205 என்பது ரயரின் அகலம், மில்லிமீற்றரில். 55 என்பது பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. ஆர் என்றால் றேடியல். 16 என்பது றிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரே இலக்கத்துக்குள் மில்லிமீற்றர், சதவீதம், அங்குலம் மூன்றும். பரீட்சையில் ஒரு பிள்ளை இப்படி அலகுகளைக் கலந்து எழுதியிருந்தால் புள்ளி வெட்டியிருப்பேன். உலகம் முழுவதும் இப்படித்தான் எழுதுகிறார்கள், என்ன செய்வது. பின்னால் 91எச் என்று வந்தால் 91 என்பது ஒரு ரயர் தாங்கும் பாரம், 615 கிலோ. எச் என்பது வேக எல்லை, 210 கிலோமீற்றர். குளிர்கால ரயரில் வேக எழுத்து குறைந்து ரி என்று, அதாவது 190 என்று இருந்தாலும் பாதகமில்லை, 401இல் அந்த வேகத்தில் போகிறவர் என் மாணவராக இருக்கவேண்டாம். பார இலக்கத்தை மட்டும் குறைக்கக் கூடாது. மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் இதை இரண்டு முறை வாசியுங்கள். அந்த பற்றரியின் நிறை சாதாரணமானதல்ல.

ஒரே பெயருள்ள காருக்குள்ளேயே அளவு மாறும் என்பதுதான் பலருக்கும் தெரியாதது. அண்மைக்காலக் கொறோலாவில் எல்.ஈ வகைக்கு 205/55 ஆர் 16, எஸ்.ஈ வகைக்கு 225/40 ஆர் 18. "கொறோலாவுக்கு நாலு ரயர்" என்று கடையில் கேட்டால் கடைக்காரர் எதைத் தருவார்? வருடமும் வகையும் சொல்லவேண்டும்.

பெரிய றிம் உள்ள காருக்குச் சிறிய றிம்மில் குளிர்கால ரயர் போடலாமா என்று கேட்பீர்கள். போடலாம், பல வேளைகளில் அதுதான் புத்தி. ஆனால் முழுச் சக்கரத்தின் விட்டம் மாறக் கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 205/55 ஆர் 16இன் பக்கச் சுவர் 112.75 மில்லிமீற்றர். மேலும் கீழுமாக 225.5. றிம் 16 அங்குலம், 406.4. மொத்தம் 631.9 மில்லிமீற்றர். 225/40 ஆர் 18ஐ இதேபோலக் கணக்கிட்டால் 637.2 வரும். வித்தியாசம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஸ்பீடோமீற்றர் பொய் சொல்லாது, சில்லு மட்காட்டில் உரசாது. இதுவே யாரோ மலிவாகத் தருகிறார் என்று 215/55 ஆர் 17ஐ அதே காரில் ஏற்றினால் விட்டம் 668.3 ஆகிவிடும். கிட்டத்தட்ட ஆறு சதவீதம் கூட. முள் 100 காட்டும்போது உண்மையில் நீங்கள் 106இல் போவீர்கள். சில்லை முழுக்க வளைக்கும்போது உள்ளே எங்கேயாவது தட்டும்.

சிறிய றிம்மில் பக்கச் சுவர் உயரமாக இருக்கும், ஸ்காபரோவின் குழிகளுக்கு அது நல்ல மெத்தை. ஒடுக்கமான ரயர் பனியை வெட்டிக்கொண்டு கீழே இறங்கும், அகலமானது மேலே மிதக்கப் பார்க்கும். விலையும் கணிசமாகக் குறைவு. ஒரேயொரு நிபந்தனை, றிம்முக்குள் பிறேக்கின் கலிப்பர் அடங்கவேண்டும். பெரிய பிறேக் உள்ள வகைகளில் ஒரு அளவுக்குக் கீழே போகவே முடியாது. கடையில் அந்த வருடத்துக்கும் வகைக்குமான பட்டியலைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். "போகும் அண்ணை, போகும்" என்று பார்க்காமலே சொல்கிற கடையை விட்டு வெளியே வாருங்கள்.

இனி எங்கள் சனத்தின் தனிச் சிறப்புக்கு வருகிறேன். அண்ணன் காரை மாற்றினால் பழைய காரின் வின்ரர் ரயரும் றிம்மும் தம்பிக்குப் போகும், தம்பியிடமிருந்து மச்சானுக்குப் போகும். நல்ல பழக்கம், காசு மிச்சம். பொருந்தினால்! கொறோலாவின் றிம்மில் ஐந்து ஓட்டைகள் இருக்கும், கம்றியின் றிம்மிலும் ஐந்து ஓட்டைகள்தான், இரண்டும் ரொயோட்டாதான். ஆனால் கொறோலாவில் அந்த ஐந்து ஓட்டைகளும் இருக்கும் வட்டத்தின் விட்டம் 100 மில்லிமீற்றர், கம்றியில் 114.3. ஒன்று மற்றதற்கு ஏறாது. இதுவாவது நல்லது, ஏறவே ஏறாததால் ஆபத்தில்லை, பின்னேரம் ஒன்று வீணாவதோடு சரி.

ஏறுவதுபோல ஏறிவிடுகிற சோடிதான் பொல்லாதது. ஹொண்டா சிவிக்குக்கும் 114.3தான், கம்றிக்கும் 114.3தான். அப்படியானால் சிவிக்கின் றிம்மைக் கம்றிக்குப் போடலாமே? சிவிக் றிம்மின் நடு ஓட்டை 64.1 மில்லிமீற்றர். கம்றியின் நடுக்குடம் 60.1. நான்கு மில்லிமீற்றர் இடைவெளி. சில்லு நடுவில் இறுக்கமாக உட்காராது, நெடுஞ்சாலையில் ஸ்ரியறிங் நடுங்கும். அந்த இடைவெளியை நிரப்பச் சரியான அளவில் ஒரு வளையம் விற்கிறார்கள், சில டொலர்தான், ஆனால் அது வேண்டும் என்று தெரிந்தவர்தானே வாங்குவார். எதிர்ப்பக்கமாக, கம்றி றிம்மைச் சிவிக்கில் போடவே முடியாது, 64.1 தடிப்பான குடம் 60.1 ஓட்டைக்குள் எப்படிப் போகும்?

அடுத்தது நட். இதைத்தான் இந்தப் பதிவில் மிக முக்கியமாக நினைக்கிறேன். ஹொண்டா நிறுவனம் தன் சொந்த றிம்முக்குக் கொடுக்கும் நட்டின் அடி உருண்டையாக இருக்கும். வெளியில் வாங்கும் றிம்களில் பெரும்பாலானவற்றுக்குக் கூம்பு வடிவ அடி வேண்டும். பல ரொயோட்டா அலோய் றிம்களுக்குத் தட்டையான வொஷர் வைத்த நட். புரி எல்லாவற்றிலும் ஒன்றுதான், 12 மில்லிமீற்றர் தடிப்பு, 1.5 இடைவெளி. அதனால் எந்த நட்டும் எந்தக் காரிலும் சுழன்று ஏறி இறுகிவிடும். கைக்குப் பிழை தெரியாது. ஆனால் உருண்டை நட் கூம்புக் குழியில் உட்காரும்போது ஒரு மெல்லிய கோட்டில் மட்டும்தான் தொடுகிறது. ஓட ஓட அது தளரும். சில்லு கழன்று எதிர்ப்பக்கம் பாய்ந்து போகும் விபத்துகளைச் செய்தியில் பார்க்கிறோம், எல்லாம் பெரிய ட்றக்கில்தான் நடக்கும் என்று நினைக்கிறோம். றிம் மாற்றினால் நட்டும் சேர்த்து மாற்றவேண்டுமா என்று கேளுங்கள். இருபது, முப்பது டொலர் விடயம்.

இறுக்குவதற்கும் அளவு உண்டு. கொறோலாவுக்கு 76 அடி-இறாத்தல், சிவிக்குக்கு 80. துப்பாக்கி போலச் சத்தமிடும் அந்தக் கருவியால் முழுப் பலத்தோடு இறுக்கிவிட்டு "ஓகே" என்று அனுப்பும் கராஜ்கள் இருக்கின்றன. கடைசி இறுக்கலை ரோர்க் ரென்ச்சால் செய்யச் சொல்லி நின்று பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. 50 இலிருந்து 100 கிலோமீற்றர் ஓடியபின் ஒருதரம் திரும்ப இறுக்கிப் பார்க்கவேண்டும். பெரும்பாலான இடங்களில் இலவசமாகவே செய்வார்கள், போகிறவர்கள்தான் இல்லை.

றிம்மையும் சேர்த்து வாங்குவதா, ரயரை மட்டும் வாங்கி ஒரே றிம்மில் வருடம் இரண்டு தடவை கழற்றிப் பூட்டுவதா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. றிம்மோடு வாங்குங்கள். ஒவ்வொரு தடவையும் ரயரை றிம்மிலிருந்து பிரித்து மாற்றிச் சமநிலைப்படுத்தும் கூலி, சில்லாக மாற்றும் கூலியைவிட நன்றாகக் கூட. மூன்று நான்கு வருடத்தில் ஸ்ரீல் றிம்மின் விலை அதிலேயே வந்துவிடும். ரயரின் விளிம்பும் கிழியாது. கறுத்த ஸ்ரீல் றிம் அழகில்லை என்று பிள்ளைகள் மூக்கைச் சுளிப்பார்கள். உப்பிலும் சேற்றிலும் நான்கு மாதம் காரையே கண்கொண்டு பார்க்க முடியாது, அதில் றிம்மின் அழகை யார் பார்க்கப்போகிறார்கள்? புதிய காரென்றால் காற்றழுத்தம் அறியும் சென்சர் றிம்முக்குள் இருக்கிறதா என்று கேளுங்கள். கனடாவில் அது கட்டாயமில்லை, இல்லாமலும் ஓடலாம், டாஷ்போட்டில் மஞ்சள் விளக்கு எரிந்தபடி இருக்கும். அப்படியானால் மாதம் ஒருதரம் கையால் அளக்கவேண்டும். வெப்பநிலை ஐந்தாறு பாகை குறைந்தால் ஒரு பி.எஸ்.ஐ குறையும், வாயு விதிகள் உங்களுக்கு ஞாபகம் இருக்கவேண்டும்.

மாடிக் குடியிருப்பில் இருப்பவர்களின் கஷ்டம் எனக்குத் தெரியும். நான்கு சில்லை எங்கே வைப்பது? பல்கனியில் அடுக்கினால் நிர்வாகம் கடிதம் அனுப்பும். கடையில் வைக்க வாடகை. நகரத்துக்குள் மட்டும் ஓடுகிறவர்களாக இருந்தால் ஓல் வெதர் என்ற வகையைப் பாருங்கள். ஓல் சீசன் அல்ல, ஓல் வெதர். மலைச் சின்னம் பெற்றது, வருடம் முழுக்கப் போட்டிருக்கலாம். ஐஸில் முழுமையான குளிர்கால ரயருக்கு ஈடாகாது. ஆனால் வெறும் ஓல் சீசனோடு ஓடுவதைவிடப் பலமடங்கு மேல். ஒவ்வொரு கிழமையும் சட்பரிக்கோ மொன்றியலுக்கோ போய்வருகிறவருக்கு இதைச் சொல்லமாட்டேன்.

இவ்வளவும் எழுதியது ஒரு விடயத்தைச் சொல்லத்தான். ஊரிலிருந்து புதிதாக ஒரு மருமகன் வருகிறான், அல்லது படிக்கவென்று ஒரு பெறாமகள் வருகிறாள். நாங்கள் என்ன செய்கிறோம்? வீட்டில் நிற்கும் பழைய காரைக் கொடுத்து உதவுகிறோம். பெரிய மனசுதான். அந்தக் காரில் இருப்பது ஆறேழு வருடம் ஓடித் தேய்ந்த ஓல் சீசன் ரயர். பனியைக் கண்ணால் கண்டிராத பிள்ளை, ஜி2 லைசென்ஸ் எடுத்து மூன்று மாதம், இரவு பதினொரு மணிக்குச் சாப்பாடு விநியோகிக்கவோ தொழிற்சாலை வேலைக்கோ போகிறது. வீட்டில் இருபது வருடம் பனியில் ஓடிப் பழகிய மாமாவுக்குப் புது ரயர், முதல் வருடம் ஓடுகிற பிள்ளைக்குத் தேய்ந்த ரயர். இந்தப் பங்கீடு எனக்கு ஒருநாளும் விளங்கியதில்லை. மண்டபம் எடுத்து நடத்தும் பிறந்தநாள் விழாவில் மேடை அலங்காரத்துக்குக் கொடுக்கும் காசில் நான்கு ரயரும் றிம்மும் வாங்கிவிடலாம். காரைக் கொடுப்பவர்கள் ரயரையும் போட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் ஏப்ரல் மட்டும் பஸ் காட் எடுத்துக் கொடுங்கள்.

பாவித்த ரயர் வாங்கித்தான் ஆகவேண்டும் என்ற நிலையில் இருக்கும் பிள்ளைகள் இரண்டு விடயம் பாருங்கள். பக்கச் சுவரில் டி.ஓ.ரி என்று தொடங்கும் நீண்ட இலக்கத்தின் கடைசி நான்கு எண்கள் பிறந்த திகதி. 3521 என்றால் 2021ஆம் ஆண்டின் 35ஆவது கிழமை. நான்கு ரயரிலும் பார்க்கவேண்டும். அடுத்தது தவாளிப்பின் ஆழம். பனியில் ஓடுவதற்கு 4 மில்லிமீற்றருக்குக் குறைந்திருந்தால் இனாமாகத் தந்தாலும் வேண்டாம்.

சட்டத்தைப் பற்றி. கியூபெக்கில் 2008இலிருந்து கட்டாயம். இப்போது டிசெம்பர் 1 தொடக்கம் மார்ச் 15 வரை, மலைச் சின்னம் உள்ள ரயர் இல்லாவிட்டால் 200 டொலருக்குக் குறையாத தண்டம். ஒன்ராரியோவில் கட்டாயமில்லை. மொன்றியலுக்குக் கலியாணத்துக்குப் போகும் ஒன்ராரியோக் காரை அந்தச் சட்டம் கட்டாது என்பதும் உண்மை. இங்கேயும் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு. ஏழைகளுக்குப் பாரம் என்கிறார்கள். பாரம்தான். ஆனால் சீற் பெல்ட்டுக்கும் காப்புறுதிக்கும் இதே பேச்சுத்தான் இருந்தது. என் காரில் நல்ல ரயர் இருப்பது போதாது, எனக்குப் பின்னால் வருகிறவரின் காரிலும் இருந்தால்தான் நான் தப்புவேன். அது தனி ஒருவரின் விருப்பத்துக்கு விடும் விடயமாக எனக்குப் படவில்லை. கருத்து வேறுபடுகிறவர்கள் கீழே எழுதுங்கள், மரியாதையாக.

சட்டம் வரும்வரை கிடைப்பதையாவது எடுங்கள். 2016 ஜனவரி 1இலிருந்து ஒன்ராரியோவின் எல்லாக் காப்புறுதி நிறுவனங்களும் குளிர்கால ரயருக்குக் கழிவு தரவேண்டும். தாங்களாக வந்து தரமாட்டார்கள், நீங்கள் அழைத்துச் சொல்லவேண்டும். ரயர் வாங்கிய பற்றுச்சீட்டைப் படமெடுத்து வைத்திருங்கள்.

நவம்பர் முதல் கிழமை தாண்டினால் கராஜில் நேரம் கிடைக்காது, நல்ல அளவுகளும் முடிந்துவிடும். சந்தேகம் உள்ளவர்கள் கதவு ஸ்ரிக்கரையும், வாங்க நினைக்கும் றிம்மின் பின்பக்க எழுத்தையும் தெளிவாகப் படமெடுத்து உள்பெட்டியில் அனுப்புங்கள். பார்த்துச் சொல்கிறேன். காரின் வருடமும் வகையும் எழுத மறக்கவேண்டாம். இரவு ஒன்பது மணிக்குப் பிறகு தொலைபேசி எடுக்கவும் வேண்டாம்.